பினாங்கில் ஒரு பகல்: பேருந்துக்குச் சில்லறை, படகுக்கு அட்டை

சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு, நான்கு இரவு என்று புறப்படும் கப்பல்களில் பல பினாங்கில் ஒரு பகல் நிற்கும். காலையிலோ மதியத்திலோ கரை தொட்டு, இருட்டிய பிறகு கிளம்பிவிடும். கையில் கிடைப்பது ஆறு மணி நேரம். கப்பல் நிறுவனம் தாராளமாக இருந்தால் ஒன்பது. கப்பலுக்குள்ளேயே சுற்றுலாச் சீட்டு விற்பார்கள். கொடிமலைக்கு அழைத்துப் போய்க் கொண்டுவந்து விட ஒரு ஆளுக்கு இவ்வளவு டாலர் என்று பலகையில் போட்டிருப்பதைப் பார்த்தால் நமக்கு மலைக்கும். அதே கொடிமலை அடிவாரத்துக்குத் துறைக்குப் பக்கத்திலிருந்தே அரசுப் பேருந்து போகிறது. கட்டணம் 2 ரிங்கிட்.

இருந்தும் கப்பல் பயணிகள் அந்தப் பேருந்தில் ஏறுவது குறைவு. பேருந்தைக் கண்டுபிடிப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. ஏறியபின் காசை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் தயக்கம். தயக்கத்துக்கும் நியாயம் உண்டு. சிங்கப்பூரில் வங்கி அட்டையை இயந்திரத்தில் தட்டிவிட்டு ஏறிப் பழகியவர் பினாங்கிலும் அப்படியே கையை நீட்டுவார். சென்னைப் பேருந்தில் நூறு ரூபாய்த் தாளை நடத்துநரிடம் கொடுத்துவிட்டு மீதிக்குக் காத்திருந்து பழகியவர் இங்கும் நடத்துநரைத் தேடுவார். இரண்டும் இங்கே நடக்காது. தீவுக்குத் தீவு இந்த வழக்கம் மாறுகிறது. மால்டாவில் வங்கி அட்டையைத் தட்டினால் போதும், அந்தச் சீட்டிலேயே இரண்டு மணி நேரம் பேருந்து மாறி மாறிப் போகலாம். பார்படோஸின் நீல நிற அரசுப் பேருந்தில் மூன்றரை பார்படோஸ் டாலரைச் சரியாக எண்ணிப் போட வேண்டும்; பக்கத்திலேயே ஓடும் மஞ்சள் சிற்றுந்தில் மீதி கிடைக்கும். பினாங்கின் வழக்கம் இன்னும் விசித்திரம்: ஒரே துறைமுகத் தெருவில் ஒரு வாகனம் சில்லறை கேட்கும், அதை அடுத்த வாகனம் சில்லறையைத் தொடவே தொடாது. இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் மற்றதெல்லாம் சுலபம்.

இறங்கியதும் எதற்கும் காசு வேண்டாம்

கப்பல் நிற்பது ஸ்வெட்டன்ஹாம் துறை. ஜார்ஜ் டவுன் நகரத்தின் மையமே அதுதான். பல தீவுகளில் கப்பல் ஊருக்கு வெளியே எங்கோ சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கும். ஊருக்குள் போகவே ஒரு வண்டி பிடிக்க வேண்டும். இங்கே வாசலைத் தாண்டினால் எதிரில் விக்டோரியா மணிக்கூண்டு. அதைக் கடந்தால் 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடத்தில் எழுந்த கார்ன்வாலிஸ் கோட்டை. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் முழுவதும் இங்கிருந்து நடை தூரத்தில் இருக்கிறது. 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், லிட்டில் இந்தியா, சுவரோவியத் தெருக்கள், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனர் குலத் துறைகள் எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயே.

வாசலில் டாக்சிக்காரர்களும் முச்சக்கர வண்டிக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள். லிட்டில் இந்தியாவுக்குப் போகக் கேட்டாலும் ஒரு தொகை சொல்வார்கள். நடந்தால் பத்து நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பினாங்கு வெயிலில் அது கொஞ்சம் உறைக்கும். குடையோ தொப்பியோ போதும். பழைய நகரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று முடிவெடுத்தவர்கள் போக்குவரத்துக்கு ஒரு காசுகூடச் செலவழிக்காமல் நாளை முடிக்கலாம். என் கருத்தில், ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகக் கப்பல் நிற்குமானால் அதுவே சரியான திட்டம்.

கீழே எழுதியிருப்பது நகரத்தைத் தாண்டிப் போக நினைப்பவர்களுக்கு.

சில்லறையை எங்கே வாங்குவது

மலேசியாவின் பணம் ரிங்கிட், அதில் நூறில் ஒன்று சென். பினாங்குத் தமிழர் ரிங்கிட்டை வெள்ளி என்றும் சென் என்பதைக் காசு என்றும் சொல்வார்கள். கடைக்காரர் "நாலு வெள்ளி அம்பது காசு" என்றால் 4 ரிங்கிட் 50 சென். தாள்களில் 1, 5, 10, 20, 50, 100 உண்டு. நாணயங்கள் 5, 10, 20, 50 சென். பேருந்துக்கு நமக்கு வேண்டியது ஒரு ரிங்கிட் தாள்களும், 10, 20, 50 சென் நாணயங்களும் மட்டுமே.

இந்தச் சில்லறையைக் கப்பலில் எதிர்பார்க்காதீர்கள். கப்பலுக்குள் எல்லாம் அறை அட்டையில் ஓடுகிறது. வரவேற்பு மேசையில் நாணய மாற்று வசதி இருந்தாலும் விகிதம் நமக்குச் சாதகமாக இருக்காது. சில்லறையாகக் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஏடிஎம்மில் எடுத்தால் வருவது ஐம்பதும் நூறும்தான். பேருந்து வாசலில் ஐம்பது ரிங்கிட் தாளை நீட்டுவதும் வெறுங்கையோடு நிற்பதும் ஒன்றுதான்.

சரியான இடம் லிட்டில் இந்தியாவிலும் பள்ளிவாசல் தெருவிலும் இருக்கும் நாணய மாற்றுக் கடைகள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் முஸ்லிம்கள் நடத்திவரும் தொழில் இது. கண்ணாடிக்குப் பின்னால் அன்றைய விகிதம் எழுதிய பலகை, முன்னால் ஒரு சிறிய துளை. சில கடைகளில் பக்கத்திலேயே பத்திரிகையும் மிட்டாயும் விற்பார்கள். தமிழிலேயே பேசலாம்.

"அண்ணே, அம்பது சிங்கப்பூர் வெள்ளி இருக்கு. பஸ்ஸுக்குப் போகணும், கொஞ்சம் ஒத்த வெள்ளியாக் கொடுங்க."

"எத்தனை பேரு போறீங்க? கொடிமலையா? பத்து ஒத்த வெள்ளி எடுத்துக்குங்க, மிச்சத்த அஞ்சும் பத்துமாத் தரேன்."

இப்படிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். கேட்காவிட்டால் ஐம்பதாக எண்ணி வைத்துவிடுவார்கள். விகிதத்தை இரண்டு மூன்று கடைகளில் விசாரிப்பது வழக்கம்தான். ஆனால் ஐம்பது சிங்கப்பூர் வெள்ளி மாற்றுகிறவருக்குக் கடைக்குக் கடை வரும் வித்தியாசம் ஒரு தேநீர்க் காசுகூட இருக்காது. அதற்காக வெயிலில் அலைய வேண்டாம். இந்திய ரூபாயையும் பல கடைகள் வாங்கும், விகிதம் மட்டும் சற்று இளைப்பாக இருக்கும். சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறவர்கள் சிங்கப்பூர் வெள்ளியாகக் கொண்டுவருவதே நல்லது.

வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு கவனம். நண்பகல் தொழுகைக்கு இந்தக் கடைகளில் பல மூடியிருக்கும். அன்று ஒரு மணிக்குக் கரையிறங்குகிறவர் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டிவரும். அப்படிப்பட்ட நாளில் ஏடிஎம்மில் பணம் எடுத்து, மூலையிலுள்ள 24 மணி நேரக் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி உடைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் வாங்கிவிடாதீர்கள்; நமக்கு வேண்டியது தண்ணீர் மட்டுமல்ல, மீதியும்தான்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல், நாம் கேட்டு வாங்கினாலொழிய நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிக் கட்டும் வசதியும் இருக்காது. வங்கிச் செயலியில் இரண்டையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். கப்பலில் இணையத்துக்குக் கப்பல் கேட்கிற காசைக் கொடுத்து இதைச் செய்வதைவிட, வீட்டிலேயே செய்துவிட்டு வருவது புத்திசாலித்தனம். அட்டை எங்கே பயன்படும் என்பதைப் படகுப் பகுதியில் பார்ப்போம்.

பேருந்துக்குள் நடப்பது

தீவின் அரசுப் பேருந்துகளை ரேப்பிட் பினாங்கு நிறுவனம் 2007 முதல் நடத்துகிறது. பெரும்பாலான வழித்தடங்கள் புறப்படும் இடம் வெல்ட் கீ. மலாய்ப் பலகையில் பெங்காலான் வெல்ட் என்றும், பேருந்தின் முகப்பில் சுருக்கமாக ஜெட்டி என்றும் இருக்கும். கப்பல் துறையிலிருந்து கடற்கரைச் சாலையோடு தெற்கே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். படகுத்துறையும் பேருந்து நிலையமும் அங்கே ஒட்டி ஒட்டி இருக்கின்றன.

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. முதல் 7 கிலோமீட்டர் வரை 1 ரிங்கிட் 40 சென், 14 வரை 2 ரிங்கிட், 21 வரை 2 ரிங்கிட் 70, 28 வரை 3 ரிங்கிட் 40, அதற்கு மேல் 4 ரிங்கிட். தீவில் எங்கே போனாலும் ஒருவருக்கு ஒரு வழிக்கு நான்கு ரிங்கிட்டைத் தாண்டாது என்று பெரியவர்கள் மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. கட்டணங்கள் மாறக்கூடியவைதான், அதனால் கையில் இரண்டு மூன்று ரிங்கிட் கூடுதல் சில்லறை இருக்கட்டும்.

முன்வாசலில் ஏறுங்கள். ஓட்டுநர் பக்கத்தில் உண்டியல் போல ஒரு பெட்டி இருக்கும். நடத்துநர் கிடையாது. ஓட்டுநர் "மானா?" என்பார். எங்கே என்று கேட்கிறார். இடத்தையும் ஆள் எண்ணிக்கையையும் சொல்லுங்கள்: "புக்கிட் பெண்டேரா, டுவா ஓராங்." புக்கிட் பெண்டேரா என்பது கொடிமலையின் மலாய்ப் பெயர். டுவா ஓராங் என்றால் இரண்டு பேர், மூவர் என்றால் தீகா, நால்வர் என்றால் அம்பாட். விரலைக் காட்டினாலும் புரிந்துகொள்வார். அவர் தொகையைச் சொன்னதும் பெட்டிக்குள் போட்டுவிட்டுச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதகர் ஏறுவதுண்டு என்பதால் இறங்கும் வரை சீட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

பெட்டிக்குள் போனது போனதுதான். இரண்டு பேருக்கு 4 ரிங்கிட் ஆகும் இடத்தில் பத்து ரிங்கிட் தாளைப் போட்டால் ஆறு ரிங்கிட் நிர்வாகத்துக்கு நன்கொடை. ஓட்டுநரிடம் கோபித்துக்கொண்டு பயனில்லை, பெட்டியைத் திறக்கும் சாவி அவரிடம் இல்லை. பின்னால் ஏறுகிறவரிடம் சில்லறை கேட்டு மாற்றிக்கொள்கிறவர்களைப் பார்க்கலாம். உள்ளூர்க்காரர்கள் உதவத் தயங்குவதில்லை. ஆனால் கப்பல் வந்த நாளில் வரிசையில் நிற்கிற பாதிப் பேர் உங்களைப் போலவே ஐம்பது ரிங்கிட் தாளோடு நிற்பார்கள்.

குடும்பமாகப் போகிறவர்கள் காசை ஒருவரே கொடுங்கள். நான்கு பெரியவர்கள் கொடிமலைக்குப் போக 8 ரிங்கிட்: ஒரு ஐந்து, மூன்று ஒன்று. திரும்பவும் அதேபோல் இன்னொரு கட்டு. இரண்டையும் காலையிலேயே தனித்தனியாக மடித்து வைத்துக்கொள்வது சின்ன விஷயம்தான். திரும்பும் வழிக்கான கட்டை மலைமேல் ஐஸ்கச்சாங் வாங்கிச் செலவழித்துவிட்டு அடிவாரத்தில் நின்று விழிப்பவர்களைப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

மலேசியாவின் டச் 'ன் கோ அட்டையும் இந்தப் பேருந்துகளில் செல்லும். கோலாலம்பூரில் உறவினர் இருந்து, அவர்களிடம் பழைய அட்டை கிடைத்தால் கொண்டுவாருங்கள். ஒரு பகலுக்காகப் புதிதாக அட்டை வாங்கிப் பணம் நிரப்புவதில் லாபமில்லை. மிச்சப் பணம் அட்டைக்குள்ளேயே கிடந்து ஊருக்கு வந்துவிடும்.

சிங்கப்பூர் வெள்ளியை அப்படியே பெட்டிக்குள் போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டை ஒட்டிப் பெறும் என்பதால் நிர்வாகத்துக்கு நஷ்டமில்லையே என்பது அவர்கள் வாதம். கடைத்தெருவில் ஒருவேளை அந்த வாதம் எடுபடும். பேருந்தில் எடுபடாது.

காசே கேட்காத பேருந்து

கேட் என்று பெயர் எழுதிய நகரப் பேருந்து ஒன்று வெல்ட் கீயிலிருந்து கிளம்பி, பழைய நகரத்தின் வழியாகக் கொம்தார் கோபுரம் வரை போய் வட்டமடித்துத் திரும்புகிறது. இலவசம். உள்ளூர்க்காரர், வெளிநாட்டவர் என்ற பேதம் இல்லை. சீட்டும் இல்லை, ஏறி உட்கார வேண்டியதுதான். கால்வலிக்காரர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் இது பெரிய உதவி. ஒன்றைக் கவனியுங்கள்: அதே நிறுத்தத்தில் அதே சாயலில் கட்டணப் பேருந்துகளும் நிற்கும். ஏறுமுன் "கேட்? ஃப்ரீ?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஒருவழிச் சாலைகளில் சுற்றிச் சுற்றிப் போகும். மாலை நெரிசலில் நடக்கிறவன் அதை முந்திவிடுவான்.

படகு: காசைத் தொடாத துறை

பேருந்து நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. அங்கிருந்து நீரிணையைக் கடந்து பெருநிலத்திலுள்ள பட்டர்வொர்த்துக்குப் படகு ஓடுகிறது. கார்களை ஏற்றிச் சென்ற பழைய இரண்டடுக்குப் படகுகள் ஓய்வு பெற்று, 2023 ஆகஸ்டில் நான்கு புதிய படகுகள் வந்தன. அவற்றில் ஆட்களும் மிதிவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே போகலாம். கடக்கச் சுமார் கால் மணி நேரம். பட்டர்வொர்த்தில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் தவிரக் கப்பல் பயணி பார்க்க அதிகம் இல்லை. ஆனாலும் நடுக்கடலிலிருந்து ஜார்ஜ் டவுனையும் நாம் வந்த கப்பலையும் சேர்த்துப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. நடைப் பயணிக்குக் கட்டணம் 2 ரிங்கிட்.

இங்கேதான் வழக்கம் தலைகீழாகிறது. காலையில் பாடுபட்டுச் சேர்த்த ஒற்றை ரிங்கிட் தாள்கள் இந்த வாசலில் செல்லாது. ரொக்கம் வாங்குவதில்லை. டச் 'ன் கோ அட்டை, வங்கி அட்டை, கைப்பேசிப் பணப்பை இவைதான் நுழைவாயிலைத் திறக்கும். ரிசர்வ் வங்கி விதி பற்றி மேலே சொன்னது இந்த இடத்துக்காகத்தான். வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டும் வசதியும் திறந்த அட்டை ஒன்று சட்டைப்பையில் இருந்தால் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இல்லாவிட்டால் பையில் நூறு ரிங்கிட் இருந்தும் இரண்டு ரிங்கிட் படகில் ஏற முடியாது. வீட்டில் நாலு பேர் என்றால் ஒரே அட்டையை நாலு முறை தட்டுவதைவிட ஆளுக்கொரு அட்டை இருப்பது நல்லது; ஒரே அட்டை அடுத்தடுத்து வந்தால் சில வங்கிகள் சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். இந்திய வங்கி அட்டைகளில் நாணய மாற்றுக் கட்டணம் சேரும் என்றாலும், இரண்டு ரிங்கிட்டில் அது கணக்கில் வராத தொகை.

பழைய படகுகளின் காலத்தில் கட்டண முறையே வேறு. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வருகிறவரிடம் மட்டும் ஒரு ரிங்கிட் இருபது சென் வாங்குவார்கள். தீவிலிருந்து போகிறவர் சும்மா ஏறிப் போவார். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தின் சுங்கமும் அப்படித்தான், தீவை நோக்கி வரும் திசையில் மட்டும். எப்படியும் திரும்பித்தானே ஆக வேண்டும், இரண்டு பக்கமும் ஆளைப் போட்டுக் காசு வசூலிப்பது எதற்கு என்று யாரோ கணக்குத் தெரிந்தவர் யோசித்திருக்கிறார். பழைய பயண நூல்களில் "தீவிலிருந்து படகு இலவசம்" என்று படித்துவிட்டு வருகிறவர்கள் அதை மறந்துவிடலாம்.

கொடிமலையும் அதன் தனிக் கணக்கும்

கப்பல் பயணிகளில் பேருந்து ஏறுகிறவர்கள் பெரும்பாலும் போவது இங்கேதான். 204ஆம் எண் பேருந்து வெல்ட் கீயிலிருந்து கொம்தார், ஆயர் ஈத்தாம் வழியாக மலை ரயிலின் கீழ் நிலையத்துக்கே கொண்டுவந்து விடும். முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். வழியில் ஆயர் ஈத்தாமில் இறங்கினால் கெக் லோக் சீ புத்தர் கோயில். இரண்டையும் ஒரே பகலில் பார்க்கலாம், ஆனால் கோயிலிலிருந்து மலைக்கு மறுபடி பேருந்து ஏறும்போது புதிதாகச் சீட்டு எடுக்க வேண்டும். அந்தச் சிறு தூரத்துக்கு 1 ரிங்கிட் 40 சென். இதை எண்ணிச் சில 20 சென் நாணயங்களைக் கையில் வையுங்கள்.

மலை ரயில் முதலில் ஓடத் தொடங்கியது 1923இல். இப்போது ஓடுவது 2011இல் புதுப்பித்தது. பேருந்துக் கட்டணத்தோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. வெளிநாட்டுப் பெரியவருக்கு ஏறி இறங்க 30 ரிங்கிட். மலேசிய அடையாள அட்டை உள்ளவருக்கு 12. வரிசையைத் தாண்டிப் போகிற விரைவுச் சீட்டு 80. சிங்கப்பூர்த் தமிழர் தன் மலேசிய மைத்துனரோடு போனால் இருவருக்கும் இரு விலை. அதைப் பற்றிக் கவுண்டரில் வாதாடுவது நேர விரயம்.

விரைவுச் சீட்டு வாங்கலாமா? சாதாரண நாளில் நான் வேண்டாம் என்பேன். பெரிய கப்பல் வந்து நிற்கிற நாளில், அதிலும் மலேசியப் பள்ளி விடுமுறையோடு சேர்ந்துவிட்டால், கீழ் நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேரும். கப்பல் ஏற இன்னும் மூன்றரை மணி நேரமே இருக்கும் நிலையில் அந்த வரிசையைக் கண்டால் இரண்டு வழிதான்: 80 ரிங்கிட் கொடுப்பது, அல்லது மலையை விட்டுவிட்டுக் கெக் லோக் சீக்குத் திரும்புவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன்.

இரண்டு பேருடைய கொடிமலைக் கணக்கு இப்படி வரும்: பேருந்து போக 4, வர 4, மலை ரயில் 60, ஆக 68 ரிங்கிட். இதில் 8 ரிங்கிட் மட்டும் கட்டாயம் சில்லறையாக இருக்க வேண்டும்.

தண்ணீர்மலை, பத்து ஃபெரிங்கி

தைப்பூசத்துக்குப் பேர்பெற்ற தண்ணீர்மலை முருகனைப் பார்க்காமல் திரும்ப மனமில்லாதவர்கள் இருப்பார்கள். தாவரவியல் பூங்காவுக்குப் போகும் 10ஆம் எண் பேருந்து அந்தப் பக்கம் போகிறது, ஆனால் அடிக்கடி வராது. மேலே ஏற ஐந்நூறுக்கு மேல் படிகள். கோயில் நடை சாத்தும் நேரத்தையும் பார்க்க வேண்டும். ஆகவே போகும்போது கிராப் செயலியில் அழைக்கும் வண்டியில் போய்விட்டு, நேரம் இருந்தால் திரும்பும்போது பேருந்துக்கு நில்லுங்கள். தைப்பூச நாளிலேயே கப்பல் வந்தால் கதை வேறு. சாலைகளை மூடிவிடுவார்கள், பேருந்துகள் வழி மாறும். அன்று கால்தான் வாகனம்.

பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கு 101ஆம் எண் பேருந்து உண்டு, கட்டணம் 2 ரிங்கிட் 70 சென். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று வையுங்கள். கப்பலில் வந்தவர் கடலைப் பார்க்க இவ்வளவு தூரம் போவானேன்? அந்த ஊரின் பெயர்பெற்ற இரவுச் சந்தை கூடும்போது நீங்கள் கப்பலில் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருப்பீர்கள்.

திரும்பும் நேரம்

முதலில் கடிகாரம். சிங்கப்பூரும் மலேசியாவும் 1982 முதல் ஒரே நேரத்தில் இருக்கின்றன. புக்கெட்டிலிருந்து வரும் கப்பல்களில் மட்டும் குழப்பம் நேரும், ஏனெனில் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி தானாக மாற்றிக்கொள்வது கரை நேரத்துக்கு. ஏற வேண்டிய நேரம் என்று கப்பல் சொல்வது கப்பல் நேரத்தில். இறங்கும் முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் பேருந்தை நம்பாதீர்கள் என்பது என் விதி. ஆயர் ஈத்தாம் சாலை மாலையில் நகராது. 204 அரை மணி நேரம் வராமலும் போகும், வந்தாலும் நிரம்பி வரும். அந்த நேரத்துக்குக் கிராப் வண்டி. செயலியைச் சிங்கப்பூரிலோ ஊரிலோ வைத்தே இறக்கி, கைப்பேசி எண்ணைப் பதிந்து, அட்டையைச் சேர்த்துவிடுங்கள். கடவுச்சொல் குறுஞ்செய்தி வர வேண்டுமே, கரையிறங்கியபின் உள்ளூர் சிம் போட்டால் அது வராது. ரொக்கமாகவும் கொடுக்கலாம், செயலி காட்டும் தொகையைச் சரியாகக் கொடுத்தால் ஓட்டுநருக்கும் நிம்மதி. சேருமிடமாக "ஸ்வெட்டன்ஹாம் பியர்" என்று போடுங்கள். பினாங்கு போர்ட் என்று போட்டால் பட்டர்வொர்த் சரக்குத் துறையைக் காட்டிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

தெருவில் நிற்கும் டாக்சியில் ஏறுவதானால், கதவைத் திறக்கும் முன்பே தொகையைப் பேசி முடியுங்கள். முச்சக்கர வண்டியிலும் அப்படியே. தொகை ஆளுக்கா வண்டிக்கா, ஒரு மணிக்கா ஒரு சுற்றுக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். பூவும் பாட்டும் வண்ண விளக்குமாக அந்த வண்டியில் ஒரு சுற்றுப் போவது நன்றாகத்தான் இருக்கும். அதைப் போக்குவரத்துச் செலவில் எழுதாமல் பொழுதுபோக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சமான ரிங்கிட்

மாலையில் பையில் சில தாள்களும் ஒரு கை நாணயங்களும் மிச்சம் இருக்கும். தாள்களை நாணய மாற்றுக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், நாணயங்களை வாங்க மாட்டார்கள். துறைக்குப் போகும் வழியில் ஒரு தே தாரிக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுவதே சரி.

அடுத்த நாள் கப்பல் போர்ட் கிள்ளானில் நிற்கிறதே, அங்கே கோலாலம்பூர்ப் பேருந்துக்கு ஆகும் என்று நாணயங்களைச் சேர்த்து வைக்க நினைத்தால், வேண்டாம். அங்கே கப்பல் முனையம் இருப்பது ஊரைவிட்டு விலகிய புலாவ் இண்டா தீவில். வாசலில் பினாங்கைப் போல நகரம் காத்திருக்காது, வண்டி பிடித்துத்தான் வெளியே வர வேண்டும். கோலாலம்பூருக்குள் ஓடும் ரேப்பிட் கேஎல் பேருந்துகளில் ரொக்கமே வாங்குவதில்லை.